ஒலியடங்கிய தேர்

வாகன மதிப்புரைகளையும் நூல் மதிப்புரைகளையும் சேர்த்து வாசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டிருக்கும். இரண்டும் பெரும்பாலும் அவசரத்தில் எழுதப்படுபவை. புதிதாக வந்த நாவலை இரண்டு இரவுகளில் படித்து முடித்துவிட்டு எழுதுகிறவரைப்போல, புதிதாக வந்த காரை இரண்டு நாள்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே நூலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறவன் அந்த நூலைப் பற்றி அறிவது வேறு. எந்த வரியில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், எந்த இயலில் கொட்டாவி விடுவார்கள் என்பது அவனுக்கு உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. அன்றாடம் ஓட்டுகிறவனுக்கும் அவன் காருக்கும் இடையே இருப்பது இந்த இரண்டாம் வகை உறவுதான். அந்த உறவிலிருந்து ஒரு மதிப்பீட்டை எழுதலாம் என்று தோன்றியது.

நான் தமிழ் கற்பிக்கிறவன். இயந்திரங்களைப் பற்றிய அறிவு, தேவை ஏற்பட்டபோது தேடிப் படித்த அளவுக்குத்தான். தேவை ஏற்பட்ட விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் என் அளவுகோல் எது என்பது விளங்காது.

மதுரையை ஒட்டிய நாகமலைப் புதுக்கோட்டையில் வீடு. கல்லூரி உசிலம்பட்டிப் பக்கம். ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று மாலைகள் கே.கே. நகர்ப் பக்கமுள்ள ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருந்துவிட்டு எழும்போது அவர் உடம்பில் வலு இருக்காது. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும், சில நாள்களில் குமட்டும். அந்த நிலையில் காளவாசல், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று இரவு நெரிசலைக் கடந்து பதின்மூன்று கிலோமீட்டர் வரவேண்டும். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு ஆண்டுப் பழைய சிறிய கார். கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, பத்தடி நகர்ந்து, மறுபடி பிரேக். ஒவ்வொரு முறையும் பின்னிருக்கையில் அம்மாவின் தலை முன்னே போய்ப் பின்னே வரும். ஒருநாள் புறப்படும் நேரத்தில், சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு வேண்டாம்ப்பா. ஊசிக்குப் பயமில்ல. வண்டிக்குத்தான் பயமா இருக்கு" என்றார். அன்று அவர் வரவில்லை.

டயாலிசிஸை ஒருமுறை தவறவிடுவது என்றால் என்ன என்பதை அந்த வீடுகளில் இருப்பவர்கள் அறிவார்கள். கார் மாற்ற வேண்டும் என்ற முடிவு அன்றுதான் உண்டானது. எவ்வளவு வேகம், எத்தனை குதிரைத்திறன் என்பவை என் கேள்விகளாக இருக்கவில்லை. நெரிசலில் உலுக்காமல் ஓடுமா? நின்ற இடத்தில் குளிர்ச்சி தருமா? கல்லூரி ஆசிரியனின் சம்பளத்துக்குள் அடங்குமா? இவை மூன்றும்தான் கேள்விகள்.

நாங்கள் தேர்ந்தது ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட் வடிவம். இ:எச்இவி என்ற பின்னொட்டோடு 2022 மே மாதம் இந்தியாவில் அறிமுகமானது. நாங்கள் வாங்கியது 2023-இல். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கார் என்பது புதிய எண்ணமன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே அப்படியொன்றைச் செய்துவிட்டார். தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் ஹைப்ரிட்டான டொயோட்டா பிரியஸ் 1997 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட், 2010-இல் பிரியஸ், 2013-இல் கேம்ரி ஹைப்ரிட் என்று வந்துகொண்டுதான் இருந்தன. அவை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன, அவ்வளவே. சிட்டியோடு அந்தத் தொழில்நுட்பம் ஒரு படி கீழிறங்கியது. எட்டிப் பிடிக்க நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

ஹைப்ரிட் என்பதற்குக் 'கலப்பின'க் கார் என்று தமிழில் எழுதுகிறார்கள். அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "கலப்பின மாடு தெரியும். பால் கூடக் கறக்கும், வெயில் தாங்காது. இது எப்படி?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பின் மீது வைக்கத்தக்க மிகச் சரியான விமர்சனம் அது. இரண்டு இனங்கள் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பதன்று இங்கே நிகழ்வது. இரண்டு உந்துவிசைகள் தத்தம் இயல்பு கெடாமல் ஒரே வண்டியில் முறைவைத்து வேலை செய்கின்றன. கூட்டுக்குடும்பம் என்றால் பொருந்தும், கலப்பினம் பொருந்தாது.

அந்த முறைவைப்பு இப்படி அமைந்திருக்கிறது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார்கள் இரண்டு, ஒரு லித்தியம் அயனி மின்கலம். மோட்டார்களில் ஒன்று சக்கரங்களைச் சுழற்றுவது. மற்றொன்று எஞ்சினின் உழைப்பை மின்சாரமாக்கித் தருவது. புறப்படும்போதும் மெல்ல ஊரும்போதும் எஞ்சின் உறங்குகிறது. மின்கலமே வண்டியை இழுக்கிறது. கூடுதல் விசை வேண்டும்போது எஞ்சின் எழுந்து மின்சாரம் உற்பத்தி செய்கிறது. அப்போதும் சக்கரங்களைச் சுழற்றுவது மோட்டார்தான். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ள, எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தோடு இணைகிறது. எஞ்சினின் ஆற்றல் 98 குதிரைத்திறன், மோட்டாருடையது 109, இரண்டும் சேர்ந்து 126 என்று நிறுவனம் சொல்கிறது. கூட்டல் கணக்கு தப்பாக இருக்கிறதே என்று என் மகள் கேட்டாள். இரண்டும் ஒரே கணத்தில் முழு மூச்சோடு சக்கரத்துக்கு வருவதில்லை என்பதுதான் விடை. நான் கருத வேண்டியிருந்தது வேறு ஓர் எண்: மோட்டாரின் திருப்புவிசை 253 நியூட்டன் மீட்டர். மின்மோட்டார் இந்த விசையை நின்ற நிலையிலிருந்தே தரவல்லது. படிப்படியாக ஏறும் கியர்கள் இதில் இல்லை. கியர் இல்லாத இடத்தில் கியர் மாற்றும் உலுக்கலும் இல்லை.

பிரேக் மிதிக்கும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. வழக்கமான கார், ஓட்டத்தில் சேர்த்த ஆற்றலை எல்லாம் பிரேக்கின் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். இதிலோ சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டார் மாறுவேடம் பூண்டு ஜெனரேட்டராகிறது. ஓட்டத்தின் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புகிறது. கோரிப்பாளையத்தில் பத்தடிக்கொரு தரம் நிற்கும்போது எனக்குள் பழைய எரிச்சல் எழுவதில்லை. கொடுத்த கடனில் கொஞ்சம் வசூலாகிறது என்ற நிறைவே உண்டாகிறது.

இந்தக் காரணத்தால், மற்ற கார்கள் அதிகம் குடிக்கும் இடத்தில் இது குறைவாகக் குடிக்கிறது. நிறுவனம் அறிவித்த எண் லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்தின் எண். தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி நான் நோட்டுப்புத்தகத்தில் எழுதிவரும் கணக்கு வேறு. நகர நெரிசலில் 22 வரை. எழுபது, எண்பதில் போகும் உசிலம்பட்டிச் சாலையில் 23. நான்குவழிச் சாலையில் நூற்றுக்கு மேல் விரட்டினால் 19. எல்லாம் கலந்து சராசரி 21. இதே காரின் பெட்ரோல் வடிவத்தைத் தானியங்கி கியரோடு வைத்திருக்கும் துறைநண்பர் ஒருவருக்குச் சராசரி 14. அவருடைய கார் நெடுஞ்சாலையில் என்னுடையதை நெருங்கிவிடுகிறது. நகருக்குள் வந்ததும் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது. ஆகவே நாள் முழுதும் நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கு ஹைப்ரிட் அவ்வளவாகப் பயன் தராது. ஊருக்குள் உழல்கிறவர்களுக்கே அது உரியது.

இனி ஒலி. அகநானூற்றின் நான்காம் பாடல், குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு, ஒவ்வோர் ஆண்டும் நான் நடத்துவது. கார்காலத்தில் தலைவன் தேரில் திரும்பி வருகிறான். வழியிலுள்ள சோலையில் வண்டுகள் துணையோடு தேனுண்டு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஒலி அவற்றைக் கலைத்துவிடும் என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைந்து வீடு சேர வேண்டியவனுக்கு வழியிலிருக்கும் சிற்றுயிரின் அமைதியும் பொருட்டாக இருக்கிறது என்பதை விளக்கும்போது மாணவர்கள் புன்னகைப்பார்கள். 'இப்படியும் ஒருவன் இருப்பானா' என்ற புன்னகை. இந்தக் காரை ஓட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பாட்டை நான் சற்று வேறு விதமாக நடத்துகிறேன். ஓசையைக் குறைப்பது வண்டிக்கு வெளியே இருப்பவருக்குச் செய்யும் உபசாரம் மட்டுமன்று. உள்ளே இருப்பவரின் மனநிலையையும் அது மாற்றிவிடுகிறது. அதிகாலையில் எங்கள் தெருவைவிட்டு எஞ்சின் எழாமல் வெளியேறும்போது வேகமாகப் போகத் தோன்றுவதே இல்லை. ஒரு குறையும் உண்டு. செக்கானூரணியைத் தாண்டியதும் சாலையில் படுத்திருக்கும் ஆடுகளுக்கு இந்த வண்டி வருவது காதில் விழுவதில்லை. கைத்தடியோடு நடக்கும் முதியவர்களுக்கும் அப்படித்தான். ஓசையற்ற வண்டியை ஓட்டுகிறவன் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

முதல்நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, சிம்மக்கல் அருகே சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பின்னிருக்கையிலிருந்து அம்மா, "ஏப்பா, வண்டி நின்னுபோச்சா?" என்றார். எஞ்சின் அணைந்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைக் கார்களில் ஏசியின் கம்ப்ரஸரை மின்சாரமே இயக்குவதால் எஞ்சின் ஓடவேண்டிய கட்டாயமில்லை. மின்கலம் குறையும்போது மட்டும் எஞ்சின் சில நிமிடங்கள் எழுந்து, நிரப்பிவிட்டு அடங்கும். மருந்துக்கடை வரிசையில் நான் நிற்கும் கால்மணி நேரமும் அம்மா குளிர்ச்சியில், அதிர்வில்லாமல் கண்மூடிக் கிடக்க முடிகிறது. எந்த மதிப்புரையிலும் இந்தக் கால்மணி நேரத்தை அளந்து சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கு அதுவே முதன்மையான அளவை.

ஆனால் செடான் என்ற வடிவத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். இருக்கை தாழ்வானது. முழங்கால் தேய்ந்தவர்கள் இதற்குள் இறங்கி உட்கார வேண்டும். வெளியே வரும்போது ஏற வேண்டும். என் மனைவி உயரமான எஸ்யூவி வாங்கலாம் என்றதற்கு இதுதான் காரணம். "அத்தை உட்கார்றதப் பாருங்க, அப்புறம் மத்ததப் பேசலாம்" என்று ஷோரூம்களுக்கு அம்மாவையே அழைத்துப் போனாள். எஸ்யூவியில் ஏறுவது எளிதாக இருந்தது. ஆனால் நாங்கள் ஓட்டிப்பார்த்தவற்றில், உயரத்தின் விளைவாக வளைவுகளில் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. தாழ்ந்த வண்டியில் அந்தச் சாய்வு குறைவு. ஏறி இறங்கும் இரண்டு நிமிடமா, பயணம் செய்யும் நாற்பது நிமிடமா என்று அம்மாவிடமே கேட்டோம். "ஏறுறப்ப நீ கைபிடிச்சுக்குவ. உள்ளுக்குள்ள குமட்டுனா யாரு பிடிக்கிறது?" என்றார். தேர்வு அத்தோடு முடிந்தது. இருக்கைமேல் போட ஒரு கெட்டியான திண்டு தைத்து வாங்கினோம்.

வேறு சில குறைகளும் உண்டு. மின்கலத்துக்கு இடம் கொடுத்ததில் டிக்கி சுருங்கிவிட்டது. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர், ஹைப்ரிட்டில் 306. குடும்பத்தோடு நாலுநாள் பயணம் என்றால் பெட்டிகளை எண்ணித்தான் எடுத்துவைக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது மற்றொன்று தெரியவரும். தொடர்ந்த ஏற்றத்தில் மின்கலம் வடிந்துவிட, எஞ்சின் மின்சாரம் செய்வதற்காக உரத்துக் கத்தும்; அந்தக் கத்தலுக்கும் வண்டியின் வேகத்துக்கும் தொடர்பிருக்காது. கியர் வண்டி ஓட்டிப் பழகிய காதுக்கு அது ஒவ்வாத இசை. மலையிறங்கும்போது கதை மாறுகிறது. 'பி' நிலையில் வைத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஏறும்போது செலவழித்ததில் கொஞ்சம் இறங்கும்போது திரும்பி வருகிறது. முன்கண்ணாடிக்குப் பின்னிருக்கும் கேமராவின் துணையோடு தடம் காக்கவும் மோதலைத் தவிர்க்கவும் உதவும் வசதிகள் நான்குவழிச் சாலையில் பயன்படுகின்றன. கோடுகளே இல்லாத தெருக்களில், எந்தப் பக்கமிருந்தும் இருசக்கர வாகனம் நுழையும் நம் ஊரில், கண்தான் துணை.

இனிக் கணக்கு. அறிமுகமானபோது ஹைப்ரிட்டின் ஷோரூம் விலை ஏறத்தாழ 19.5 லட்சம். பெட்ரோல் வடிவத்தின் உயர்ந்த ரகம், தானியங்கி கியரோடு, அதைவிட நான்கு லட்சம் அளவுக்குக் குறைவு. கல்லூரிக்கு ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர் என்றால் 12,000. மருத்துவமனைக்கு 156 முறை, 26 கிலோமீட்டர் வீதம் நாலாயிரத்துச் சொச்சம். மற்றவை இரண்டாயிரம். ஆக 18,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் இதற்கு 1,285 லிட்டர் குடிக்கும். இது 857 லிட்டர். மிச்சம் 428 லிட்டர். லிட்டருக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு நாற்பத்து மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நான்கு லட்சம் திரும்பிவர ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். கடனுக்குக் கட்டும் கூடுதல் வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். மின்கலத்துக்குத் தரப்பட்ட உத்தரவாதமோ எட்டு ஆண்டு, அல்லது 1,60,000 கிலோமீட்டர். போட்ட பணம் திரும்பிவருவதற்கு முன்பே உத்தரவாதம் முடிந்துவிடும். 'பெட்ரோல் செலவிலேயே வண்டிக் காசை எடுத்துவிடலாம் சார்' என்று யாராவது சொன்னால், ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

விலையைத் தாழ்த்தும் சலுகையும் இந்த வகைக்குக் கிடைக்கவில்லை. 2022-இல் மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. இந்த அளவுள்ள ஹைப்ரிட்டுக்கு மேல்வரியும் சேர்த்து 43. பெட்ரோல் சிட்டிக்கு 45. எரிபொருளில் மூன்றிலொரு பங்கை மிச்சம்பிடிக்கும் வண்டிக்கு அரசு தந்த மரியாதை இரண்டு விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் வரியமைப்பு மாறியபோது அந்த இரண்டும் போயிற்று. இரு வகைக்கும் 40 என்றானது. உத்தரப் பிரதேசம் 2024-இல் ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. மின்சாரக் கார்களுக்கு சாலைவரி விலக்குத் தந்த தமிழ்நாடு, ஹைப்ரிட்டுக்குத் தரவில்லை. இரண்டுங்கெட்டானாக நிற்பவர்களுக்கு எங்கும் இதுதான் நிலை போலும்.

அப்படியானால் முழு மின்சாரக் காரே வாங்கியிருக்கலாமே என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நாங்கள் இருப்பது அடுக்ககம். கீழ்த்தளத்தில் மின்னேற்றத்துக்கு இணைப்பு வைக்கக் குடியிருப்போர் சங்கம் ஒப்பவில்லை. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குத் தவறாமல் போகவேண்டிய ஒரு வீட்டில், மின்னேற்ற மறந்துபோன இரவு என்று ஒன்று இருக்க இடமில்லை. சொந்த வீடும் சொந்த மின்னிணைப்பும் உள்ளவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. அவர்கள் மின்சாரக் காரையே முதலில் பார்க்கலாம்.

யாருக்கு இந்தக் கார் என்று தொகுத்துச் சொல்வதானால்: நெரிசலுக்குள் நாள்தோறும் உழல்கிறவர், பத்தாண்டு ஒரே வண்டியை வைத்துக்கொள்கிறவர், வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாதவர், டிக்கியைவிடப் பின்னிருக்கையைப் பெரிதாக நினைக்கிறவர். பணத்தை மிச்சம்பிடிக்க மட்டும் வாங்குகிறவர் பெட்ரோல் வடிவத்தையே வாங்கலாம். அது ஒன்றும் தாழ்ந்த வண்டியன்று.

என் கணக்கு ஒன்பது ஆண்டில் நேராகும் என்றேன். அந்த ஒன்பது ஆண்டை அம்மாவை வைத்துக்கொண்டு என்னால் எண்ண முடியாது, எண்ணவும் மாட்டேன். மருத்துவர் எந்த உறுதியும் தருவதில்லை. கார் சிறுநீரகத்தைச் சரிசெய்யாது என்பதும் தெரியும். டயாலிசிஸுக்குப் பிறகான களைப்பு அப்படியேதான் இருக்கிறது. படிகளில் ஏறும்போது இரண்டு முறை நின்றுதான் ஏறுகிறார். ஆனால் நோட்டுப்புத்தகத்தில் பெட்ரோல் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன்: டயாலிசிஸுக்குப் போன நாள்கள், போகாத நாள்கள். வண்டி வந்த பிறகு, பந்த் அன்று ஒரு நாள், அவருக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவரே தள்ளிப்போடச் சொன்ன ஒரு நாள். வேறு விடுபடல் இல்லை. நான்கு லட்சம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.